கூதிர்ப் பருவமும் குடும்ப நலமும்



பத்தாண்டு நிறைவு விழாவில் இலக்கியம் பேசுவதே முறை. காய்ச்சலும் கொசுவும் குடிநீரும் இம்மேடைக்கு ஏற்ற பொருளாகுமா என்று எவரேனும் ஐயுறலாம். பண்டைத் தமிழர்க்கு அத்தகைய ஐயம் எழுந்ததில்லை. வாழ்க்கைக்குரிய நூலாகிய திருக்குறளில் மருந்துக்கென ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். மாந்தர் எந்நிலத்தில் எப்பொழுதில் வாழ்கின்றனர் என்பதை அறியாமல் அவர்தம் அகத்தையோ புறத்தையோ அறிதல் இயலாது என்பதே இவ்வகுப்பின் கருத்து. மருத்துவமும் இதனையே சொல்கிறது. ஆகவே கூதிர்ப் பருவத்தில் ஒரு கொங்குக் குடும்பம் நலத்தோடு வாழ்வது எங்ஙனம் என்பது இலக்கிய அவைக்குப் புறம்பான பொருள் அன்று.

பருவத்தின் பெயர்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் தமிழர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அதன் பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அவை தொடரும். மேலை நாட்டார் இதே காலத்தை இலையுதிர்காலம் என்பர். அங்கே வெப்பம் தணிந்து மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலம் அது. கொங்கு நாட்டில் நிலைமை நேர்மாறானது. ஐப்பசி மழை விழுந்ததும் மானாவாரிக் காடுகள் பசுமை கொள்கின்றன. வேலியோரத்தில் தூதுவளையும் முடக்கறுத்தானும் படர்கின்றன. வறண்டு கிடந்த குட்டைகளில் தவளை கத்துகிறது. இங்கே கூதிர் என்பது உயிர்கள் தழைக்கும் காலம். அந்தத் தழைப்பில் கொசுவுக்கும் ஈக்கும் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு என்பதே மனிதருக்கு எழும் சிக்கல்.

சித்த மருத்துவம் பருவத்துக்கும் உடலுக்குமுள்ள உறவை வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் வழியாக விளக்குகிறது. கார்காலத்தில் தன்னிலையில் வளரத் தொடங்கும் பித்தம், கூதிர்காலத்தில் தன் எல்லை கடந்து வேற்றுநிலை வளர்ச்சி அடைகிறது. முன்பனியில் மீண்டும் தன்னிலைக்குத் திரும்புகிறது என்பது அம்மருத்துவத்தின் கணக்கு. இக்காலத்து மருத்துவர் இதனை வேறு சொற்களால் விளக்குவர். எனினும், பருவம் மாறும்போது உடலும் உணவும் ஒழுக்கமும் உடன் மாறவேண்டும் என்ற அடிப்படை உண்மையில் இரு மருத்துவமும் மாறுபடவில்லை.

நெடுநல்வாடை காட்டும் கூதிர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை கூதிர்ப் பருவத்தையே களமாகக் கொண்டது. நக்கீரர் பாடிய 188 அடிகளில் அப்பருவம் முழுமையாகக் காட்சி தருகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற ஆயர் தீமூட்டிக் கைகாய்ச்சுகின்றனர். குரங்கு குளிரால் ஒடுங்குகிறது, பறவைகள் விறைக்கின்றன. நகரத்திலோ விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. சாளரக் கதவுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. குளிர்ந்த நீரை விரும்பிப் பருகுவார் எவருமிலர். யாவரும் கணப்புச் சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். குளிர்ச்சி தரும் சந்தனத்தை ஒதுக்கி, அகிற்புகையை ஏற்கின்றனர்.

பருவத்துக்கேற்ப நீரும் காற்றும் பூச்சும் உறைவிடமும் மாற்றப்பட்டமை இப்பாட்டால் விளங்குகிறது. அதனினும் சிறந்த செய்தி பாட்டின் இறுதியில் இருக்கிறது. போர்ப் பாசறையில் தங்கியிருக்கும் அரசன் நள்ளிரவிலும் உறங்கவில்லை. வாடைக்காற்று வீச, தூறல் விழ, விளக்குகள் காற்றில் அசைய, சிலரோடு அவன் பாசறைத் தெருவில் நடக்கிறான். வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்திய தலைவன் ஒருவன் புண்பட்ட வீரர்களை முறையே காட்டிவர, அரசன் ஒவ்வொருவரையும் கண்டு செல்கிறான். அந்த வேப்பந்தழை பாண்டியனின் அடையாளப் பூவைச் சுட்டுவதால் இப்பாட்டு அகமா புறமா என்று உரையாசிரியர் காலந்தொட்டு வழக்கு நடந்து வருகிறது. அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். குளிரும் மழையும் மிகுந்த இரவில் நோயுற்றவனிடம் ஒருவர் நேரில் சென்று நலம் உசாவுதலே தலைவனின் கடமை எனக் காட்டியதுதான் இங்கு கருதத்தக்கது. கூதிர்காலத்துக் குடும்ப நலம் என்பதன் உட்பொருளும் அதுவே.

கொங்கில் பெய்யும் மழை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் மழை மறைவில் அமைந்தது கோவைச் சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை பெரும்பாலும் மலைக்கு அப்பால் பொழிந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்றும் சாரலும் மட்டுமே இப்பால் வருகின்றன. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அதே மாவட்டத்தின் சமவெளியில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் அளவினது. அதிலும் பெரும்பங்கு அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருந்து, சில வாரங்களில் மழை கொட்டும் நாடு இது. அதனால் கொங்கு மக்கள் நீரைத் தேக்கி வாழப் பழகினர். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலாற்றின் நீர் குளங்களில் தேங்கியது. வீடுகளில் அண்டாவும் தொட்டியும் நிறைந்தன. நீரைத் தேக்குதல் இம்மண்ணின் அறிவு. அதே வேளையில், தேக்கிய நீரைக் காவாது விடுதல் இம்மண்ணின் நோய்க்கு வாயிலாகவும் அமைந்தது.

கோவை கற்ற பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோவை நகரைப் பிளேக் நோய் தாக்கியது. 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். 1898-இல் கராச்சியில் சீமோன் என்பவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். எனினும் இச்செய்தி நெருக்கமான பேட்டைகளில் வாழ்ந்த எளிய மக்களை எட்டக் காலம் பிடித்தது. அவர்கள் வீடுகளைத் துறந்து வெளிநிலங்களில் கொட்டகையிட்டுத் தங்கினர்; அச்சத்தால் அம்மனை வேண்டினர். கோவையில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அத்துயர நாட்களின் நினைவாக நிற்கின்றன. நெருக்கம் நோயை வளர்க்கும், காற்றோட்டமும் தூய்மையும் நோயைத் தடுக்கும் என்ற பாடத்தை நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

இரண்டாம் பாடம் நீர் பற்றியது. கிணற்று நீரின் உவர்ப்பும் பற்றாக்குறையும் கோவையை நெடுங்காலம் வருத்தின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிறுவாணி நீரை நகருக்குக் கொணர வேண்டுமென்று குரல் கொடுத்தவர், இதழாசிரியரும் எழுத்தாளருமாகிய சே.ப. நரசிம்மலு நாயுடு. அவர் 1922-இல் மறைந்தார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நீர் நகரை வந்தடைந்தது. எழுதுகோல் பிடித்த ஒருவர் ஊரின் குடிநீருக்காகப் பாடுபட்ட வரலாறு இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கது, பின்பற்றவும் தக்கது.

தேங்கிய நீரும் தேக்கிய நீரும்

இந்நாளில் கூதிர்காலம் என்றதும் மக்கள் அஞ்சுவது டெங்குக் காய்ச்சலையே. 2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியா தமிழகத்துச் சிற்றூர்களையெல்லாம் மூட்டுவலியால் முடக்கியது. 2012-இலும் 2017-இலும் டெங்கு கடுமையாகப் பரவியது. 2017-இல் மட்டும் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோர்க்கு டெங்கு உறுதி செய்யப்பட்டது. இவ்விரு நோய்களையும் பரப்புவது ஏடிஸ் என்னும் ஒரே இனக் கொசு.

இக்கொசுவின் இயல்பை அறிந்தால் பாதி வெற்றி கிட்டும். மற்றக் கொசுக்களைப் போன்று இது சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் உள்ள தெளிந்த நீரையே நாடுகிறது. இரவில் அன்றிப் பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கிறது. நீர்மட்டத்தையொட்டிப் பாத்திரத்தின் பக்கச் சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆதலின் தொட்டியின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, ஒரு பகல் வெயிலில் உலர்த்தி, பிறகு நிரப்பி மூடவேண்டும். மூடியில் இடைவெளி இருப்பின் வெள்ளைத் துணியால் வாய்கட்ட வேண்டும்.

கொங்கு வீட்டின் புறக்கடையில் ஆராயத்தக்க பொருள்கள் பல. கோவையில் பிறந்து புவிசார் குறியீடும் பெற்ற வெட்கிரைண்டர் வீட்டுக்குள் நுழைந்ததும், தலைமுறை தலைமுறையாக மாவாட்டிய ஆட்டுக்கல் வெளியே தள்ளப்பட்டது. அதன் குழி மழைநீரால் நிறைந்து கொசுவின் தொட்டிலாகிறது. ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க இயலாது. மணலால் குழியை நிரப்புவது எளிது. கழித்துப்போட்ட டயர், தென்னந்தோப்பில் சிதறிய கொட்டாங்கச்சி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மாடியில் மூடாத நீர்த்தொட்டி, கட்டுமான இடத்துத் தேக்கநீர் ஆகியவற்றையும் வாரந்தோறும் நோக்குதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் குடும்பத்தார் அனைவரும் இதற்கென ஒதுக்கினால், குழந்தைகள் அதனை விளையாட்டாகவே கற்றுக்கொள்வர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. திருப்பூரின் லைன் வீடுகளிலும், கோவையின் குடிசைப் பகுதிகளிலும் வாழ்வோர் ஏன் பிளாஸ்டிக் டிரம்களில் நீரைத் தேக்குகின்றனர்? குழாயில் நாள்தோறும் நீர் வருவதில்லை என்பதனால்தான். நாள் கடந்து வரும் நீரைப் பிடித்து வைத்தவளிடம், நீரைத் தேக்காதே என்று அறிவுரை கூறுதல் பொருளற்றது. மூடியுள்ள பாத்திரமும், முறை தவறாத நீர் வழங்கலும் அவளுக்குக் கிடைக்கச் செய்வதே அறம். கொசுவுக்கு மதில் தெரியாது. லைன் வீட்டில் பிறந்த கொசு பங்களாவுக்கும் பறந்து செல்லும். பங்களாவின் வற்றாத அழகுத் தொட்டியில் பிறந்தது லைன் வீட்டுக்கும் வரும். நோயைப் பொறுத்தவரை ஊர் முழுவதும் ஒரே குடும்பமாகவே இருக்கிறது.

மழையால் பாழாகும் குடிநீர் அடுத்த கேடு. உடைந்த குழாயில் கழிவுநீர் கலந்தால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தொடரும். நீரை நன்கு கொதிநிலைக்குக் கொணர்ந்து ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்தல் மிக எளிய காப்பு. வெதுவெதுப்பாகச் சூடாக்குவது கொதிக்கவைத்தல் ஆகாது. தோட்டத்துக் கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

காய்ச்சலை அறிதல்

கூதிர்காலத்தில் வரும் காய்ச்சல் அனைத்தும் ஒன்றல்ல. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்து நெல் வயல்களில், காலில் வெடிப்போடு சேற்றில் இறங்குவோர்க்கு எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரலாம். புதரும் புல்லும் மண்டிய தோட்டத்தில் அமர்வோர்க்கு, கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுண்ணியின் கடியால் உண்ணிக்காய்ச்சல் வரலாம். இது தமிழகத்தில் குளிர்ந்த மாதங்களில் மிகுதியாகக் காணப்படுவது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் தீச்சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று இருக்கின்றதா என்று நோக்கினால் மருத்துவருக்குப் பெருந்துணையாகும். காலத்தே கண்டால் மலிவான மாத்திரைகளால் குணமாகும் இக்காய்ச்சல், காலம் தாழ்ந்தால் உயிரையும் வாங்கும்.

டெங்குவில் மக்கள் பெரிதும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. காய்ச்சல் தணிந்துவிட்டது என்று மகிழும் வேளையே ஆபத்தான வேளை. நோய் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், உடற்சூடு இறங்கும் தறுவாயில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் தளரும் நிலை ஏற்படலாம். தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், கைகால் சில்லிடுதல், குழந்தை சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், புரூபென் முதலிய வலி மாத்திரைகள் இரத்தக்கசிவை மிகுவிக்கும். அவற்றை அறவே தவிர்த்தல் நலம்.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் இங்குக் கூறுதல் தகும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்னும் ஒன்பது சரக்குகள் கூடியது அது. டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழக அரசே அதனை மக்களுக்கு வழங்கியது. மரபு வழியாகக் காய்ச்சலுக்குக் கொள்ளப்படும் அதனைச் சித்த மருத்துவர் கூறும் அளவில் அருந்துவதில் தவறில்லை. ஆயினும் குடிநீரை அருந்திவிட்டோம், இனி மருத்துவமனை வேண்டா என்று வீட்டிலிருந்து காலம் கடத்துதல் பெருந்தவறு. டெங்கு வைரசைக் கொல்லும் தனிமருந்து எம்மருத்துவத்திலும் உறுதி செய்யப்படவில்லை. உடலில் நீர் குறையாது காத்தலும், ஆபத்தின் அறிகுறியை உரிய வேளையில் அறிதலுமே உயிர் காப்பன.

உணவே முதல் அரண்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பயில்வோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அதன் பத்துக் குறட்பாக்களுள் ஆறு உணவைப் பற்றியனவே. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், மாறுபாடில்லாததை உண்ணுதல் என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. மருந்துக்கு முன்னே உணவை வைத்த அவ்வரிசைமுறை கருதத்தக்கது.

கொங்கின் வடமேற்கு எல்லையிலுள்ள குன்னூரில் இதற்கோர் அறிவியல் சான்று கிடைத்தது. 1918-இல் அங்கு ஒரே அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார் அவர். தீட்டாத கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்டவை செழித்தன. பெரிதும் தீட்டிய அரிசியை நம்பியவை மெலிந்து நோயுற்றன. அவ்வாய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

கொங்கு வேளாளரும் கூலி உழைப்பாளரும் முற்காலத்தில் அரிசியை நம்பி வாழ்ந்தவர் அல்லர். கம்பஞ்சோறும், சோளச்சோறும், ராகிக் களியும், கொள்ளுக் கடைசலும், பச்சைப்பயறும், கீரைக் கடைசலுமே அவர்தம் அன்றாட உணவு. அரிசிச்சோறு விருந்து நாளுக்குரியது. நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. வறுமையின் உணவென்று ஒதுக்கப்பட்டவை வளமான உணவென்று இன்று போற்றப்படுகின்றன. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. உலகம் அறிவித்த பின்னர்த்தான் அப்பத்தா சமைத்த களியின் அருமை பேரனுக்குப் புலப்பட வேண்டும் என்பதில்லை.

கூதிர்காலத்துக்கென்றே அமைந்த உணவுகளும் உண்டு. கொள்ளு ரசம், தூதுவளை ரசம், மிளகு ரசம், சுக்குமல்லிக் காப்பி, ஈரோட்டு மஞ்சள் கலந்த பால் ஆகியவை தொண்டைக்கு இதமும் பசிக்குத் தூண்டலும் தருவன. தீபாவளி நாளில் எண்ணெய் முழுக்கும், பலகாரம் உண்ட வயிற்றுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த லேகியமும் அமைத்த முன்னோர், விழாவோடு மருந்தையும் ஒட்டவைத்தனர். இவை நோய்க்கு மாற்று மருந்தல்ல. உடலைப் பேணும் துணைகள். சமைத்த உணவைச் சூடாக உண்ணுதல், தெருவில் திறந்துவைத்து விற்கும் வெட்டிய பழங்களைத் தவிர்த்தல், உண்ணும் முன்னும் கழிப்பறை சென்ற பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் ஆகியவற்றுக்கு ஈடான லேகியம் எதுவுமில்லை.

முதியோர் உள்ள வீடுகளில் இன்னும் சற்றுக் கருத்து வேண்டும். மழைநாளில் சளிக்காய்ச்சல் குழந்தைக்கு மூன்று நாளில் ஆறிவிடும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு அதுவே நுரையீரல் அழற்சியாக முற்றலாம். ஆண்டுதோறும் இடத்தக்க இன்புளுயன்சா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் உசாவுதல் நன்று. பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்து மூச்சுத் தடையுற்றோரும் இப்பருவத்தில் வருந்துவர். ஈரவிறகின் புகையும், பட்டாசுப் புகையும், கதவடைத்த அறையில் கொளுத்தும் கொசுவர்த்திச் சுருளும் அவர்க்குக் கேடு. கொசுவலை பழமையானது, ஆயினும் புகையற்றது.

மருந்தின் நான்காம் கூறு

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறட்பா மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நான்காம் கூறாகிய பேணுபவரை மருத்துவனோடும் மருந்தோடும் ஒப்ப வைத்து எண்ணியது வள்ளுவரின் நுண்மை. குடும்பம் என்பது மருத்துவத்தின் வாயிற்புறத்தில் நிற்பதன்று. அதன் நான்கில் ஒரு பங்கு.

இதனை மெய்ப்பித்த நிகழ்ச்சி ஒன்று 1971-இல் வங்க எல்லையில் நடந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் தங்கிய பங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலநபிசு உப்பையும் குளுக்கோசையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பிக் குழாய் வைத்தார். செவிலியர் போதாமையால், நோயாளியின் உறவினரே குவளையில் பிடித்துப் பிடித்துப் புகட்டினர். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உயிரைக் காத்த கைகள் தாய்மார், உடன்பிறந்தார் கைகளே. 2022-இல் மறைந்த அப்பெருமகன் கையாண்ட அம்முறை இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலக்கலாம். வயிற்றுப்போக்குக்குப் பட்டினியே மருந்து என்னும் பழைய எண்ணம் பல பிள்ளைகளைப் பலிகொண்டது. தாய்ப்பாலும் கஞ்சியும் நிறுத்தாமல் கொடுக்கப்பட வேண்டும்.

நான்காம் கூறு பற்றி எழும் கேள்வி இன்னொன்று. வீட்டில் அனைவரையும் பேணுபவளைப் பேணுவது யார்? பெரும்பாலான வீடுகளில் அப்பொறுப்பு பெண்ணுடையது. ஈரத்தில் நின்று துவைப்பவளும், காய்ச்சலில் கிடப்போர்க்கு இரவில் கண்விழிப்பவளும், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளும் அவளே. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்று காட்டியது. இரத்தசோகையால் தளர்ந்த உடலைத் தொற்றுநோய் எளிதில் வீழ்த்தும். சுடுசோறும் கீரையும் முதற்பந்தியிலேயே அவள் இலைக்கும் வரவேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் சமையலறையை ஆடவர் ஏற்கவேண்டும். தாய்க்கு வந்த காய்ச்சல் மூன்று நாள் கழித்தே மற்றவர்க்குத் தெரியவருகிறது என்னும் நிலை எந்த வீட்டிலும் இருத்தல் ஆகாது. குடும்பத்தின் நலம் எனப் பேசப்படுவது பல வேளைகளில் ஒருத்தியின் நலத்தைச் செலவிட்டுப் பெறப்படுகிறது. அந்தக் கணக்கு நேர்செய்யப்படும் வரை எவ்வளவு கொள்ளு ரசம் காய்ச்சினும் குடும்பம் நலமுற்றது என்று சொல்லல் ஆகாது.

நிறைவாக

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் செய்யவேண்டுவன சிலவே. வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல், குடிநீரைக் கொதிக்கவைத்தல், கம்பும் ராகியும் கொள்ளும் கீரையும் மீண்டும் இலைக்கு வருதல், காய்ச்சல் தணியும் நாளில் விழிப்போடிருத்தல், மருத்துவமனைக்குச் செல்லக் காலம் தாழ்த்தாமை, வீட்டில் பேணுபவளையும் பேணுதல். இவற்றுள் பெரும்பொருள் வேண்டுவது ஒன்றுமில்லை. கருத்தும் ஒழுங்குமே வேண்டப்படுகின்றன.

இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்கதும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும்போது, நடைபெறும் திங்கள் கூட்டத்தில் நெடுநல்வாடை ஒருமுறை பயிலப்படட்டும். அக்கூட்டத்திலேயே ஒரு மருத்துவரும் அழைக்கப்பட்டுக் கால் மணி நேரம் பேசட்டும். கூட்டம் முடிந்து செல்லும் அன்பர்கள், தத்தம் தெருவில் காய்ச்சலுற்றோர் வீட்டுக் கதவைத் தட்டி, கஞ்சி கிடைத்ததா, மருத்துவரிடம் சென்றனரா என்று கேட்கட்டும். மழையிரவில் புண்பட்டோரை நாடிச் சென்ற அரசனைப் பாடிய மொழிக்கு அதனினும் ஏற்ற சிறப்புச் செய்தல் அரிது.

அனைவர் இல்லங்களிலும் நலம் பெருகுக.